கொரசோன் சிஸ்டருக்கு ஒரு பூ

திங்கட்கிழமை முதல் பீரியட் முடியும் மணி அடிப்பதற்குள் பானுப்ரியா டீச்சரின் மேசையில் பதினோரு ரோஜாக்கள் சேர்ந்துவிட்டன. அடுத்த பீரியடுக்காக ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வாசலில் காத்து நின்ற கொரசோன் சிஸ்டர் அவற்றை இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் பதினொன்றுதான் வந்தது.

கணக்கு டீச்சரான பானுப்ரியா, கரும்பலகையில் கோடு போடும் நீண்ட மரஸ்கேலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூக்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

“வேணாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குதுங்க சிஸ்டர். அதுவும் திங்கக்கெழமைன்னா சொல்லவே வேணாம்.”

சனி, ஞாயிறு இரண்டு நாள் டீச்சரைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருப்பார்கள் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார். சிரித்து முடித்தபோது தாடை வலித்தது.

கொரசோன் சிஸ்டரின் ஊர் பிலிப்பைன்ஸ் நாட்டில் செபு என்ற தீவு. அவருடைய கன்னியர் சபை திண்டுக்கல்லில் நடத்தும் இந்தப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் மாதம் மிளகாயோடு போனது. இரண்டாம் மாதம் டவுன் பஸ்ஸோடு. மூன்றாம் மாதம் முழுக்க, பிள்ளைகள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் கழிந்தது. தமிழை அவர் ஊரிலேயே புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வந்திருந்தார். அதனால் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுவார். மளிகைக் கடையில் அவர் பருப்பு கேட்டால், உள்ளே வேலையாக இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார்கள்.

இதையெல்லாம் சிஸ்டர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றுதான். திண்டுக்கல்லுக்குப் பூ மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் பூந்தோட்டக்காரர்களின் பிள்ளைகள். ஐந்து மாதத்தில் ஒருவர்கூட அவருக்கு ஒரு பூ கொடுத்ததில்லை. செபுவில் அவர் பாடம் நடத்திய பள்ளியில், பிறந்தநாள் அன்று பிள்ளைகள் கட்டிய மல்லிகைச் சரம் கழுத்துக் கொள்ளாமல் கிடக்கும்.

இங்கே அவர் வகுப்புக்குள் நுழைந்தாலே சந்தைதான். ஒருத்தி அவர் முக்காட்டின் நுனியைப் பிடித்து இழுத்து விளையாடுவாள். அயாஸ் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பான். அஜித் தன் வீட்டு ஆடு குட்டி போட்ட கதையை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான், இன்னும் இரண்டாவது குட்டி வரவில்லை. வீட்டுப்பாடம் யாரும் செய்வதில்லை. பானுப்ரியாவின் வகுப்பிலோ ஊசி விழுந்தால் கேட்கும். இதற்குப் பெயர்தான் மரியாதை, நமக்கு அது இல்லை என்று சிஸ்டர் முடிவு கட்டியிருந்தார்.

போன வாரம் செபுவிலிருந்து சபைத் தலைவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இன்னும் இரண்டு வருடம் திண்டுக்கல்லில் இருக்க விருப்பமா, இல்லை ஊருக்குத் திரும்புகிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், விசா வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சிஸ்டர் கடவுளிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பிள்ளை ஒரே ஒரு பூ கொடுத்தால் இருப்பது. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டுவது.

திங்கட்கிழமை மதியம், பள்ளி ஆயா ராமுத்தாயிடம் சுற்றி வளைத்துக் கேட்டார். பிள்ளைகள் ஏன் சில ஆசிரியைகளுக்கு மட்டும் பூ தருகிறார்கள்?

ராமுத்தாய் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒங்களுக்குத்தான் தல மூடியிருக்கே சிஸ்டரம்மா. குடுத்தா எங்கிட்டு வைப்பீக?”

அப்படியானால் தனக்குப் பூ வேண்டாம் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். சிஸ்டருக்கு நிம்மதியாக இருந்தது. கடைசிப் பீரியடில் வகுப்புக்குப் போய், தனக்குப் பூக்கள் மிகவும் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னார். பிள்ளைகள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பூ வந்தது. ரோஜா, சம்பங்கி, செவ்வந்தி, அஜித் வீட்டுக் கோழிக்கொண்டை. மொத்தமும் பள்ளி வாசலில் மாதா சிலை நிற்கும் கெபிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கன்னியாஸ்திரி பூ பிடிக்கும் என்று சொன்னால் அது வேறு யாருக்காக இருக்கும்? மாதாவின் பாதம் தெரியாத அளவுக்குக் குவித்துவிட்டு, முஸ்லிம் பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் நெகிழ்ந்துபோய், எவ்வளவு பக்தியான வகுப்பு என்று ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கொரசோன் சிஸ்டர் கெபிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மாதா எப்போதும் போல் கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் பானுப்ரியாவின் சாயல் இருந்ததாகச் சிஸ்டருக்குப் பட்டது. இருபத்திரண்டு வருடத் துறவறத்தில் மாதாவின் மேலேயே பொறாமைப்பட்டது அன்றுதான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டியதுதான். புதன்கிழமை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வகுப்பில் தன் மேசை மேல் வைத்தார். வாய் திறந்த பாட்டில், உள்ளே தண்ணீர். பூ வைக்க என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். சொல்லிக் கேட்டு வாங்குவது அசிங்கம் என்பதால் எதுவும் சொல்லாமல், பாட்டிலை நேராக நகர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

மதியம் கணக்குத் தேர்வு. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து பாட்டிலைப் பார்த்தார்கள். சிஸ்டர் தேர்வு அன்றைக்குப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றால் அது மந்திரித்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். ஆளுக்கு மூன்று சொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அயாஸ் மட்டும் மிச்சத்தைக் குடித்தான். அங்கேயே திருத்திக் கொடுத்த அந்தத் தேர்வில் அயாஸ் வாழ்க்கையில் முதன்முறையாகப் பாஸானான். அதுதான் வினையாயிற்று.

சாயங்காலம் அவன் அம்மா சர்புன்னிசா ஒரு சின்னத் தூக்குவாளியோடு வாசலில் வந்து நின்றாள்.

“கைப்புள்ள ராவெல்லாம் அழுவுது சிஸ்டர். பள்ளிவாசல்ல ஓதி வாங்கிக் குடுத்துட்டேன், கேக்கல. ஒங்க தண்ணி நல்லாக் கேக்குதாம்ல? ஒரு மொடக்குக் குடுங்க.”

அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள்.

தலைமையாசிரியை அவர்களை அனுப்பிவிட்டு, கொரசோன் சிஸ்டரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வெளிநாட்டு சிஸ்டர் மந்திரத் தண்ணி குடுக்கிறாங்கன்னு எவனாவது போன்ல எழுதிப்போட்டான்னு வைங்க. ஒங்க விசாவும் போயிரும், என் பள்ளிக்கூடமும் போயிரும். எதுக்கு சிஸ்டர் ஒங்களுக்கு இந்தப் பாட்டில்?”

பூவுக்கு என்று சொல்வதைவிடப் பாட்டிலை இழப்பதே மேல் என்று சிஸ்டருக்குத் தோன்றியது. பாட்டில் பறிமுதலாகி அலமாரிக்குள் போனது. வெளியே பானுப்ரியா காதோரம் ஒரு மஞ்சள் ரோஜாவோடு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். தேர்வு நாள் என்பதால் அன்று அவளுக்குப் பூ வழக்கத்தைவிட அதிகம். மிச்சத்தை ஸ்கூட்டியின் முன்கூடையில் போட்டிருந்தாள். சிஸ்டர் அந்தக் கூடையை வாசல் தாண்டும் வரை பார்த்தார்.

வியாழக்கிழமை காலை அவர் யாருக்கும் தெரியாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோய், தானே ஒரு ரோஜா வாங்கினார். டீச்சருடைய மேசையில் ஒரு பூ இருந்தால், இந்த டீச்சருக்கும் பூ கொடுக்கலாம் போலிருக்கிறதே என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். பிள்ளைகளுக்கு எதையும் கண்ணால் காட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்று அவர் படித்திருந்தார்.

ரோஜாவுக்குக் காம்பு விரலளவுதான் இருந்தது. மேசையில் வைத்தால் படுத்துக்கொண்டது. கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. பாட்டிலும் இல்லை. ஆசிரியர் அறையில் சுற்றிப் பார்த்தார். அன்று பானுப்ரியா ஏதோ பயிற்சிக்கு மதுரை போயிருந்தாள். அவளுடைய மரஸ்கேல் சுவரோரம் சாய்ந்து நின்றது. சிஸ்டர் அதை எடுத்து, நுனியில் ரோஜாவை நூலால் கட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திருவிழாவில் சிலுவை தூக்கிப் போவது போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

வகுப்பு சட்டென்று அடங்கியது.

முக்காட்டை யாரும் இழுக்கவில்லை. அயாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினான். அஜித்தின் ஆடு வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் ஸ்கேலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கண்ணும் அந்த ரோஜாவின் மேலேயே இருந்தது. பீரியட் முடிவில் பத்து வாக்கியம் வீட்டுப்பாடம் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு பூவுக்கு இவ்வளவு சக்தி. முதல் மாதமே வாங்கி வைத்திருக்கலாம் என்று நினைத்தபடி ஸ்கேலைப் பூவோடு தன் அறைக்கே கொண்டுபோய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியட் கணக்கு. சிஸ்டர் வாசலில் காத்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பானுப்ரியாவின் மேசையில் சாக்பீஸ் டப்பா மட்டும் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேலைக் காணோம் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தாள்.

சிஸ்டர் ஸ்கேலை அவள் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அஜித் எழுந்து வந்தான். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை இழுத்தான். அவன் அப்பா உடையப்பன் தோட்டத்து ரோஜா. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனான். வரிசையாக வந்து மேசையில் வைத்துவிட்டு, சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் குனிந்த தலையோடு திரும்பினார்கள். என்ன பணிவு என்று சிஸ்டருக்குக் கண் கலங்கியது. வீட்டுப்பாட நோட்டுகளும் வந்தன. எல்லாம் எழுதியிருந்தது.

வாசலைத் திரும்பிப் பார்த்தார். பானுப்ரியா இன்னும் போகவில்லை. அவள் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள், டீச்சர்” என்றார் சிஸ்டர்.

பானுப்ரியா சிரித்தாள். அவளுக்குத் தாடை வலிப்பதைச் சிஸ்டரால் தன் தாடையிலேயே உணர முடிந்தது. ஐந்து மாதத்தில் அவ்வளவு ருசியான காலைப் பொழுது அவருக்கு வாய்த்ததில்லை. இதையும் நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிக்கொள்ளலாம்.

பாடம் முடிந்து பூக்களை முக்காட்டு நுனியில் வாரிக்கொண்டு, ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து எண்ணினார். முப்பத்தேழு. ஒன்று குறைந்தது. யார் அந்த ஒரு பிள்ளை? ஒரு பூ போதும் என்று கடவுளிடம் கேட்டவருக்கு இப்போது அந்த ஒன்று உறுத்தியது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செபுவுக்கு எழுதினார். பிள்ளைகளின் அன்பு என்னைக் கட்டிப்போட்டுவிட்டது, இரண்டு வருடம் இங்கேயே இருக்கிறேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் சபிஹா நின்றுகொண்டிருந்தாள். முதல் பெஞ்சில் உட்காரும், வகுப்பிலேயே சின்னப் பெண். ஐந்து மாதமாக முக்காட்டைப் பிடித்து இழுத்தவள் அவள்தான்.

சபிஹா வலது கையை நீட்டியிருந்தாள். கண்களை இறுக்க மூடியிருந்தாள்.

பாவம், அவளுக்கும் பூ ஆசை என்று சிஸ்டருக்குப் புரிந்தது. இருப்பதிலேயே பெரிய ரோஜாவாக எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

சபிஹா ஒரு கண்ணைத் திறந்து ரோஜாவைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்திருந்த ஸ்கேலைப் பார்த்தாள்.

“இது எதுக்கு சிஸ்டர்? அஜித் கொண்டாந்த பூ எனக்கு மட்டும் பத்தல. பூ வச்சா பானு டீச்சர் ரெண்டு அடிய ஒண்ணாக் கொறைப்பாங்க, எனக்கு ரெண்டையும் போட்டுருங்க.”

ரோஜாவை மேசை மேல் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். கண்ணை மூடுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள்.

“இந்த ஸ்கூல்லயே பூ குடுக்கத் தேவையில்லாத டீச்சரு நீங்க ஒருத்தருதான் இருந்தீங்க சிஸ்டர்.”