சீமாட்டி வந்துவிட்டார், பிரபுவே!

கொண்டுபோன பன்றித்தொடையை அமில்காரே வாங்கிக்கொள்ளவில்லை. பக்குவமாக உப்புப் போட்டு இரண்டு வருடம் காற்றில் உலர்த்திய ஒன்பது கிலோ தொடை, வாசலிலேயே இளம் பாடகன் எஜீதியோவின் கைக்குத் திரும்பிவிட்டது.

"எடுத்துட்டுப் போ தம்பி. உன்கிட்ட நாங்க வாங்கக் கூடாது."

"சும்மா ருசி பார்க்கத்தான் ஐயா..."

"நாளைக்கு மேடையில பார்ப்போம்" என்று கதவைச் சாத்தினார்.

அமில்காரே ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பார்மா மலையடிவாரத்து அந்த ஊரில், ஓபரா அரங்கின் உச்சி மாடிக்கு அவர்தான் தலைவர். மலிவு டிக்கெட்டில் அங்கே உட்காரும் நாற்பது கிழவர்களுக்கும் ஓபரா முழுக்க மனப்பாடம். சுருதி ஒரு நூல் இறங்கினாலும் விசில்தான். சினிமாக் கொட்டகை விசில் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே விசில் என்றால் செருப்படி.

ஸெல்மீரா அம்மையாரிடம் எட்டு வருடம் பாட்டுப் பயின்றவன் எஜீதியோ. முதல் வருடம் மூச்சு விடக் கற்றான். இரண்டாம் வருடம், முதல் வருடம் கற்றது தப்பு என்று கற்றான். இத்தனைக்கும் பிறகு கிடைத்த முதல் வேடம், வேலைக்காரன். பாட வேண்டியது ஒரே வரி: "சீமாட்டி வந்துவிட்டார், பிரபுவே!"

"சின்ன வரிதான் உனக்கு நல்லதுடா. தப்புப் பண்ண இடம் கம்மி" என்று அம்மையார் ஆறுதல் சொன்னார்.

வாய் சும்மா இருந்ததா? அப்பா அட்டீலியோவிடம் போய்ச் சபதம் வேறு போட்டிருந்தான். "ஒரே ஒரு விசில் விழுந்தாலும் பாட்டை விட்டுடறேன்பா. திங்கக்கிழமையே தொடைக்கு உப்புப் போடற நம்ம கிடங்குக்கு வந்து, காலம் பூரா உங்க கூடவே இருக்கேன்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பாசம் என்று இவனும் கலங்கினான். ஆனால் அந்தக் கிடங்கை நினைத்தாலே அவனுக்குக் கசந்தது. படிக்கப் போகுமுன் ஒரு குளிர்காலம் அங்கே வேலை பார்த்திருக்கிறான். கையெல்லாம் உப்பு; பாடினால் கேட்க ஆள் கிடையாது.

தொடை பலிக்கவில்லை, மது பலிக்குமா? கிழவர்கள் கூடும் கடைக்குப் போய் எல்லோருக்கும் லம்ப்ரூஸ்கோ ஊற்றச் சொன்னான். குடித்தார்கள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும், துக்க வீட்டில் தட்டுவதுபோல அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசி வழியாக, பெரியப்பா மகன்கள் பதினோரு பேரை உச்சி மாடியில் ஏற்றினான்.

"நான் வந்ததும் கை தட்டுங்கடா. விசில் யார் காதுலயும் விழக் கூடாது."

"அந்தக் கூட்டத்துல உன்னை எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

"வேலைக்காரன் உடுப்புல வருவேன்."

அந்த ஓபராவில் வேலைக்காரர்கள் பதினான்கு பேர். தட்டேந்தி ஒருவன் வந்தான், கைதட்டல். மெழுகுவர்த்தி ஏற்ற ஒருவன் வந்தான், "அசத்துடா எஜீதியோ!" நாற்காலி தூக்க வந்தவனுக்கு விழுந்த கைதட்டலில் கதாநாயகன் காதல் பாட்டையே நிறுத்திவிட்டு முறைத்தான். கிழவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

திரைக்குப் பின்னால் எஜீதியோவுக்குக் கால் நகரவில்லை. யாரோ பிடித்துத் தள்ளித்தான் மேடைக்கு வந்தான். வந்து பார்த்தால், சீமாட்டி எப்போதோ வந்து பிரபுவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வருடப் படிப்பை என்ன செய்வது? வாயைத் திறந்தான்.

"சீமாட்டி வந்துவிட்டார், பிரபுவே!"

"தெரியும்டா" என்று பிரபு முணுமுணுத்தது முன்வரிசைக்கே கேட்டது. சுருதி இறங்கியது ஒரு நூல் அல்ல, ஒரு முழக் கயிறு.

எஜீதியோ கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான், திங்கட்கிழமை உப்பு என்று மனம் அழுதது.

நாற்பது கிழவர்களும் எழுந்து நின்றார்கள். "பிராவோ! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை பாடினான். இன்னும் இறங்கியது. இன்னும் பலமாக பிராவோ.

திரை விழுந்ததும் நான்கு மாடியும் ஓடியே ஏறினான். "ஐயா, லஞ்சம் வாங்காத கை உங்க கை! என் குரல்ல அப்படி என்னத்தைக் கண்டீங்க?"

அமில்காரே காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"ஒண்ணையும் காணலை தம்பி. உங்கப்பா உனக்கு முந்தியே வந்து ஆளுக்கொரு தொடை கொடுத்துட்டாரு. 'போன தடவை அவன் உப்புப் போட்டு முந்நூறு தொடை அழுகிப்போச்சு, எப்படியாவது அவனைப் பாட்டுலயே வெச்சுக்குங்கய்யா'ன்னு அழுதுட்டாரு மனுஷன்."