கொஞ்சம் ஒழுகட்டும்

லேசாக ஒழுகினால் போதும் என்றுதான் தேச்சம்மா சமையலறைக் குழாயைத் தளர்த்தி வைத்தாள். எல்லையிலிருந்து மறுநாள் லீவில் வரும் புருஷன், ஹவில்தார் மந்தண்ணாவுக்கு, வீட்டில் செய்ய ஒரு வேலையாவது இருக்க வேண்டுமே.

போன லீவில் பட்டது அவளுக்கு மறக்கவில்லை. அவர் பனியிலும் அவள் குடகு மழையிலுமாகக் காலம் தள்ளியதில், அவள் பழகாத வேலை இல்லை. ஓடு மாற்றுவாள், மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவாள், காப்பி மூட்டைகளை ஜீப்பில் ஏற்றித் தானே ஓட்டிப் போவாள். மந்தண்ணா சுத்தியலும் கையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓர் ஆணி அடிக்கக்கூட இடமில்லை.

"விருந்தாளி மாதிரி இருக்கு தேச்சி" என்று சிரித்தார். அவர் கிளம்பிப் போன பிறகும் அந்தச் சிரிப்பு அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

இந்தமுறை ஒழுகும் குழாயைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஸ்பேனரை வைத்து ஒரு திருகு. குழாய் கையோடு வந்துவிட்டது. பீறிட்ட தண்ணீர் அடுப்பை அணைத்து, அரிசி ரொட்டிக்குப் பிசைந்த மாவைக் கஞ்சியாக்கியது.

தேச்சம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்" என்றாள்.

புதுக் குழாய் வாங்கிவந்து பொருத்தினார். தண்ணீரைத் திறந்ததும் முற்றத்துக் குழாய்க் குழியில் இணைப்பு பிய்த்துக்கொண்டு கோழிக்கூடு மிதந்தது. குழிக்குள் குதித்துப் பெரிய வால்வை மூடினார். பலம் கொஞ்சம் கூடிப்போயிற்று.

"வால்வும் போச்சு தேச்சி."

மறுநாள் அவள் சந்தைக்குப் போய் வருவதற்குள், அவர் கோணிக்கொப்பல் டவுனுக்குப் போய் பிளம்பர் ஹம்சாவைத் தேடிவிட்டு வந்திருந்தார். ஹம்சா ஏதோ கலியாணத்துக்குப் போய்விட்டாராம்.

அப்புறம் லீவு முழுக்க இருவரும் காப்பித் தோட்டத்துச் சரிவில் இறங்கி ஓடைத் தண்ணீர் தூக்கினார்கள். மேடேறும்போது மூச்சு வாங்கும். மர நிழலில் உட்காருவார்கள். போனில் 'சாப்பிட்டியா, மழையா' என்பதைத் தாண்டாத பேச்சு அங்கே ஊற்றெடுத்தது. அப்பா செத்த சேதி வந்தபோது கிளம்ப வழியில்லாமல் பங்கருக்குள் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுததை அவர் சொன்னார். ஜீப் ஓட்டப் பழகியது ஆசையால் அல்ல என்று அவள் சொன்னாள். மைசூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் குழந்தையாயிருந்தபோது ஒருநாள் காய்ச்சலில் துடித்தாள், தூக்கிப்போக ஆளில்லை. அவர் அவள் வாளியையும் வாங்கிக்கொண்டார்.

அரைமணி வேலைதான், தானே பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றும். ஆனாலும் குழிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

லீவு முடிந்தது. பஸ் ஏறும்போது, "சரிபண்ணாமலே போறேன், மனசுல வச்சுக்காதே" என்றார்.

"அடுத்த லீவுல பாத்துக்கலாங்க."

பஸ் வளைவில் மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். தனியாக ஓடைக்குப் போகக் கால் வரவில்லை. அந்தக் குழியைத் தொடவும் மனசு வரவில்லை. ஹம்சாவைக் கூப்பிட்டாள்.

வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. குழிக்குள் கையை விட்டு வால்வைத் திருகினார். சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க சந்தைக்குப் போன அன்னிக்கே நான் வந்து இதைச் சரிபண்ணிட்டேன் அக்கா, 'தண்ணி வந்துட்டா அவ என்கூட ஓடைக்கு வரமாட்டா'ன்னு அண்ணன்தான் மறுபடி மூடச் சொன்னாரு."