பனைமரமும் பறக்கும் கமராவும்

அடுத்தவனின் காரைப் பார்த்துப் பொறாமைப்படுபவன் சாதாரண மனிதன். அடுத்தவன் சிகரெட்டை விட்டதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன்.

அந்த அடுத்தவர் ரஞ்சன் அண்ணை, என் சகலன். ஜெர்மனியில் அவர் இருப்பது பீலெஃபெல்ட் நகரம், நாங்கள் ஹம். இருபது வருடமாக எந்தக் கொண்டாட்டத்திலும் மண்டபத்தின் பின்பக்கம் சேர்ந்து நின்று புகைத்தவர்கள். தன் மகளின் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, முடிந்த மறுநாள், மகள் கேட்டாள் என்பதற்காக மனிதர் ஒரேயடியாக விட்டுவிட்டார். (துரோகி!)

துணைக்கு ஒரு செயலி. எங்கள் ஆட்களுக்காகவே யாரோ பிள்ளைகள் தமிழில் செய்தது. புகைக்காத ஒவ்வொரு நாளும் திரையில் ஒரு பனைமரம் கொஞ்சம் வளரும். நூறாவது நாள் நுங்கு காய்க்கும். சொந்தக்காரர் எல்லோரும் பார்த்துக் கைதட்டலாம்.

"அத்தான்ர பனையைப் பாத்தீங்களே? என்ன வளர்த்தி!" என்று என் மனைவி சுகந்தி மூன்று மாதமாகக் காலையும் மாலையும் சொன்னாள். வயிறு எரிந்தது.

நானும் செயலியைத் தரவிறக்கினேன். 'எப்போது விட்டீர்கள்?' என்று கேட்டது. ஜெர்மன் படிவமென்றால் ஒரு பொய்த் திகதி எழுதவே பயப்படும் எனக்கு, தமிழில் கேட்டதும் துணிவு வந்துவிட்டது. சாமத்திய வீட்டுக்கு இரண்டு கிழமை முந்திய திகதியைப் போட்டேன். ஒரு நொடியில் என் பனை அவருடையதைத் தாண்டி, நுங்கும் காய்த்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிட்டீங்களே?" நான் வீட்டில் புகைப்பதில்லை என்பதால் நம்பிவிட்ட சுகந்தியின் கண் கலங்கிவிட்டது. அவளுடைய அண்ணன் நெஞ்சு வருத்தத்தில் போனதிலிருந்து, நான் இருமினால் அவளுக்கு நித்திரை போய்விடும். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அக்காவுக்குப் போன் எடுத்து, "எங்கட ஆள்தான் முதல் விட்டவர்" என்றாள். அந்தச் சுகத்தை இழக்க மனம் வரவில்லை. வேலைத்தலத்தில் புகைத்துவிட்டு, வாயில் ஏலக்காயோடு வீடு திரும்பினேன்.

சாமத்திய வீட்டு வீடியோ நாலு மாதம் கழித்து வந்தது. (எங்கள் வீடியோக்காரர்கள் என்றைக்கு நேரத்துக்குத் தந்தார்கள்?) வழக்கப்படி குடும்பம் முழுவதும் ரஞ்சன் அண்ணை வீட்டில் ரோல்ஸும் தேநீருமாகக் கூடியது. திரையில் ட்ரோன் கமரா மண்டபத்துக்கு மேலே எழும்பியது. கூரை. கார்கள். பின்பக்கம் குப்பைத்தொட்டிகள். அவற்றுக்கு நடுவே பட்டுவேட்டியில் ரஞ்சன் அண்ணையும், பக்கத்தில் என் வழுக்கையும். நான் ஊதிய புகையை மெதுவாக ஓடவிட்டு, நாதஸ்வரம் வேறு போட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, நீங்கள் அதுக்கு ரெண்டு கிழமை முன்னமே விட்டிட்டீங்களல்லோ?" என்றாள் விழா நாயகி.

வீடே சிரித்தது. சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. "இண்டையான் திகதியைப் போடுங்கோ" என்றாள். எல்லோருக்கும் முன்னால் மாற்றினேன். நுங்கோடு நின்ற பனை வெறும் பனங்கொட்டையானது. முதல் கைதட்டல், உண்மை தெரிந்தும் இவ்வளவு நாள் காட்டிக்கொடுக்காத ரஞ்சன் அண்ணையுடையது. அதற்கும் எரிந்தது.

அன்றிலிருந்து, உண்மையாகவே, நான் புகைக்கவில்லை. நாலு வருடம் ஆகிறது. நான் பால்கனிப் பக்கம் போனால் சுகந்தி இன்றும், "இஞ்சேருங்கோ, மேல ட்ரோன் வருது" என்பாள். அது பரவாயில்லை. ஆனால் அவர் பனை என்னுடையதைவிட என்றைக்கும் நாலு மாதம் உயரம். அவர் ஒரே ஒரு சிகரெட் பிடித்து, அந்தப் பனை மறுபடி கொட்டையானால்தான் நான் முந்தலாம்.

போன மாதம் பீலெஃபெல்ட் போனபோது வாசலில் மெல்லக் கேட்டேன்: "அண்ணை, ஒண்டே ஒண்டு சிகரெட் பத்துறீங்களே?"

"ஓம் தம்பி" என்றார். "முதல் நீர் பத்தும்."