பதினோரு மணிச் சீக்கு

ஒரு மாதமாக இதே கூத்து. மணி பதினொன்று அடித்தால் போதும், பஸ் முன்பதிவு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கைகால் விளங்காமல் போய்விடும். அரை நிமிடத்தில் வரும் டிக்கெட்டுக்கு ஐந்து நிமிடம். வரிசையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை, ஜன்னலை எட்டியபோது தன் டிக்கெட்டைத் தானே கேட்டு வாங்கியதாம்!

போன மாதம் புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினியருக்கு ஆபீசில் 'அளவுகோல்' என்று பெயர். தும்மினால்கூட நேரம் குறிப்பார். பல் பிடுங்கப் போன ஒரே ஒரு செவ்வாய் தவிர, தினமும் பதினோரு மணிக்குக் கவுண்டர் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சும் கையுமாக ஆஜர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா கம்ப்யூட்டர் காயலான் கடைக்கு, நீங்க டயர் குடோனுக்கு" என்றார் மேனேஜர்.

அளவுகோல் ஒரு கண்காணிப்பு புரோகிராமை உள்ளே விட்டார். தாமதத்தைக் குறிக்கிற வேலையிலேயே கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. டிக்கெட்டுக்குப் பத்து நிமிடம். அந்த புரோகிராம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க இன்னொன்று. இருபது நிமிடம்! வரிசையின் வால் தெருமுனை திரும்பி சலூனுக்குள் புகுந்தது. நாலு பேர் முடி வெட்டிக்கொண்டே நகர்ந்தார்கள்.

"காய்ச்சல் பாக்க வந்த டாக்டர், நோயாளி நெஞ்சு மேலயே உக்காந்த கதையால்ல இருக்கு!" என்று கத்தினார் மேனேஜர்.

"ரெண்டையும் எடுத்துடறேன் சார். மைக்ரோகோடுல கை வெக்கிறேன்."

"அது என்னய்யா?"

"கம்ப்யூட்டரோட அடிவயிறு சார். 'கூட்டு'ன்னா எந்த நரம்பை இழுக்கணும்னு அதுக்கே சொல்ற குட்டிக் கட்டளைங்க. அங்க ரெண்டு வரி சொருகிட்டா, வேலை பாக்கறப்பவே எண்ணிக்கிட்டுப் போகும். கூச்சம்கூடத் தெரியாது."

சொருகினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வழக்கமான இடத்தில், வழக்கமான ஸ்டாப்வாட்சோடு நின்றார். டிக்கெட் பழையபடி ஐந்து நிமிடம். உள்ளே போன உளவாளியின் கணக்கோ வேறு: கம்ப்யூட்டர் வேலை செய்தது நாலே நொடி!

"மெஷின்ல பழுதே இல்ல சார்!" அளவுகோல் குதித்தார். "மீதி நேரமெல்லாம் சும்மா காத்துக்கிட்டிருக்கு!"

"எதுக்குக் காத்துக்கிட்டிருக்கு?" என்றார் மேனேஜர்.

அளவுகோல் ஸ்டாப்வாட்சோடு நாற்காலியை இன்னும் ஒட்டி நின்றார். கவுண்டர் பெண் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த வாட்ச்மேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், நீங்க பல்லு புடுங்கப் போன செவ்வாக்கிழமை மட்டும் இந்தப் பொண்ணு விரலும் நடுங்கல, என் வரிசையும் நிக்கல."