பிஸ்கட்டைத் தட்டிப் பார்த்தவர்

நீங்கள் எதையாவது வாங்கப் போகிறீர்கள் என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே கூட வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. தட்டிப் பார்க்கும் ஆசாமி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் செங்காங்கில் வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டுவார், பழைய கார் என்றால் டயரை உதைப்பார், தேக்கா சந்தையில் தேங்காய் வாங்கினால் அதையும் காதருகே வைத்துத் தட்டிவிட்டு, "ஏதோ குறையுது" என்பார். என்ன குறைகிறது? அதை மட்டும் சொல்ல மாட்டார்.

பிடோக் ரகுபதி இந்த இனத்தின் தலைமகன். அவர் சரி என்று சொல்லாமல் அவருடைய நண்பர் ஜனகன் வீட்டில் மிக்ஸிகூட வாங்கியதில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் ஜனகனின் மகள் லக்ஷனா, அங்கிளிடம் சொல்லவே வேண்டாம் என்று அப்பாவைக் கெஞ்சிப் பார்த்தாள். அன்றைக்கு வாங்கப் போவது குதிரை. இரண்டு வருடமாக அவள் சவாரி பழகிய பிஸ்கட் என்ற பழுப்புக் குதிரை. அதன் சொந்தக்காரர் நாட்டைவிட்டே போகிறார். இவர்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்றிதழும் கொடுத்தாயிற்று. கொடுத்தால் என்ன? ரகுபதி அங்கிள் இன்னும் பார்க்கவில்லையே.

ரகுபதி குடையும் கையுமாகக் குதிரை லாயத்தில் வந்து இறங்கினார். குதிரையை அவர் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகத்தில் அது தெரியவில்லை. இந்த இனத்துக்கு அந்தத் திறமை பிறவியிலேயே உண்டு. இதற்கு முன் எத்தனை ஓனர், லாயம் எந்தத் திசை பார்த்திருக்கிறது, காருக்கு அரசாங்க உரிமம் பத்து வருஷம் என்றால் இதற்கு எத்தனை என்று பயிற்சியாளர் தாரகாவைக் குடைந்தெடுத்தார். உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணத் தொடங்கி, எட்டோடு விட்டுவிட்டு, காதைத் திருகி, வயிற்றைத் தட்டி, அதுவும் போதாதென்று பின்னால் போய், டயரை உதைக்கிற பழக்கத்தில் பின்னங்காலை ஷூ முனையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அங்கிள், பின்னால நிக்காதீங்க லா," என்றாள் லக்ஷனா.

அவர் காதில் வாங்கவில்லை. மழைக்குத் தாங்குமா என்று பார்க்க, முன்னால் வந்து அதன் மூக்குக்கு நேரே குடையைப் படாரென்று விரித்தார்.

பிஸ்கட் அவரைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த குறிப்பு நோட்டை மெதுவாக உருவி, நிதானமாக மென்று தின்றது.

"ஏதோ குறையுது, ஜனகன்," என்றார் ரகுபதி. "ரொம்ப சாதுவா இருக்கு."

கையெழுத்துப் போட எடுத்த பேனாவை ஜனகன் மூடிவிட்டார். லக்ஷனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தாரகா பொறுத்தது போதும் என்று முன்னால் வந்தார். "சார், நானும் பதினாலு வருஷமா இங்க வேலை செய்றேன். ஒரு குதிரைய இவ்ளோ மோசமா யாரும் சோதிச்சதில்ல. இவருக்கே உதை விழலன்னா உங்க மகளுக்கு எப்பவும் விழாது. கண்ண மூடிட்டு வாங்குங்க."

ஜனகன் நண்பரைப் பார்த்தார். ரகுபதி குடையை மடக்கினார்.

"அதுக்குத்தானே அப்படி செஞ்சேன்," என்றார்.

ஜனகன் கையெழுத்துப் போட்டார். லக்ஷனா அழுதுகொண்டே பிஸ்கட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வாரத்துக்குள் பிடோக் காப்பிக்கடை முழுக்க ரகுபதி குதிரை நிபுணர்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் எதிர்வீட்டில் வந்திறங்கிய புதுச் சோபாவில் யாரும் கேட்காமலே உட்கார்ந்து, இரண்டு முறை எம்பிப் பார்த்துவிட்டு, "ஏதோ குறையுது" என்றது யார்? நான்கு கால் இருந்தும் அந்தச் சோபாவுக்கு உதைக்கத் தெரியாதது உங்கள் அதிர்ஷ்டம்.