ஃப்ரீசரில் வைத்த பேக்கப்

இந்த வருஷக் கண்காட்சிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது என்று பிப்ரவரி மாதக் கமிட்டிக் கூட்டத்தில் லின்ட்சே பாஸ்கோ எழுந்து நின்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். துணைச் செயலாளர் ஷெரில் பார்ட்லெட் மட்டும் தட்டவில்லை. தட்டாத அந்த இரண்டு கைகளும் எட்டு மாதமாக லின்ட்சேயின் கண்ணுக்குள்ளேயே இருந்தன.

தாலூங்கா விவசாயக் கண்காட்சிக்கு அவர் பதினான்கு வருஷமாகச் செயலாளர். கம்பளிக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தெருவில் யாராவது அவரை நிறுத்திப் பேசுகிறார்கள் என்றால் அது இந்தப் பதவிக்காகத்தான். இதுவும் போனால், காலையில் போய்ப் பால் வாங்கி வருகிற ஆள் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமிருக்காது. இது அவருக்கே நன்றாகத் தெரியும்.

அதனால் சொன்னபடி செய்தார். கேக் நடுவர், குதிரை நடுவர், மரம் வெட்டும் போட்டி, ஆடு ஓட்டும் நாய்களுக்கான ஆட்டுநாய்ப் போட்டி, ராட்டினக்காரர் என்று எல்லாருடைய கடிதமும் மெயிலில். எல்லாருடைய நாளும் நேரமும் கணினிக் காலண்டரில். இத்தனைக்கும் பேக்கப் இரண்டு டிஸ்க்கில். புதன்கிழமைதோறும் மடிக்கணினியோடு ஷெட்டுக்குள் போய் எடுத்து வருவார். ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. இன்னொன்றை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, ஷெட்டில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில் ஆட்டுத்தொடைக்கு அடியில் வைத்திருந்தார். காட்டுத்தீ வந்து வீடே சாம்பலானாலும் ஃப்ரீசருக்குள் இருப்பது எரியாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த ஊரில் கோடை வந்தால் எல்லாருக்கும் தீயைப் பற்றித்தான் யோசனை. ஆனால் இவ்வளவு தூரம் யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

அக்டோபர் வந்தது. கண்காட்சிக்கு இன்னும் பத்தே நாள். வியாழக்கிழமை பிற்பகல் கமிட்டியில் முழு நிகழ்ச்சி நிரலையும் செயலாளர் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, மெயில் பெட்டி நிறைந்துவிட்டது என்று கணினி முனகியது. லின்ட்சேக்கு வீரம் வந்துவிட்டது. பேக்கப் இருக்கிறவனுக்கு என்ன பயம்? மெயில் புரோகிராமை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அதுவும் புதிதாகவே வந்தது. பிறந்த குழந்தை மாதிரி, யாரையும் தெரியாமல் வந்தது. காலண்டரும் அதோடு சேர்ந்து போயிருந்தது.

சிரித்துக்கொண்டே இழுப்பறை டிஸ்க்கை மாட்டினார். அதில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, மூலையில் குட்டியாக ஓர் அம்புக்குறியோடு. சிரிப்பை நிறுத்திவிட்டு ஃப்ரீசர் டிஸ்க்கைக் கொண்டுவந்து, துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினார். அதிலும் அதே அம்புக்குறி. விஷயம் மெதுவாகப் புரிந்தது. முப்பத்து நான்கு வாரமாக வாரம் தவறாமல் அவர் பிரதி எடுத்தது வெறும் ஷார்ட்கட்டை. கடிதங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கைகாட்டும் படம் அது. இப்போது காலியான இடத்தைக் கைகாட்டிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் தன் பங்குக்கு அதைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றியிருந்தது.

இணைய இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டார். மெயில்களை நீங்கள் இறக்கிக்கொண்டதும் எங்களிடம் உள்ளதை அழித்துவிடும்படி நீங்களே அமைத்திருக்கிறீர்கள் ஐயா என்று ஒரு பெண் அன்பாகச் சொன்னாள். அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மனைவியிடம் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு சமையலறைக்கு வந்தார். நொயலீன் அந்த ஊர் மாட்டு வைத்தியரின் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் வரவேற்பு மேசையில் இருந்தவள். வாயே திறக்காத விவசாயிகளிடமிருந்து மாட்டுக்கு என்ன நோய் என்பதைப் போனிலேயே வரவழைத்தவள். புருஷனை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள்.

"ஃப்ரீசர் ஈரம் பட்டு டிஸ்க் கெட்டுப்போச்சாக்கும்?"

"கெடல்லாம் இல்ல. உள்ளதான் ஒண்ணும் இல்ல" என்றார் லின்ட்சே.

சொன்ன பிறகு உட்கார்ந்தார். மீதியையும் சொன்னார். நாற்பத்தொரு பேர், யார் என்றைக்கு வருகிறார்கள் என்று தெரியாது. திரும்ப எழுதிக் கேட்டால் அரை நாளில் ஷெரிலின் காதுக்குப் போய்விடும். போனால் பதவி போச்சு.

"போன வருஷ நிகழ்ச்சி நிரல் இருக்கில்ல?"

"இருந்து என்ன பண்றது? ஒரே நடுவர் ரெண்டு வருஷம் தொடர்ந்து வரக் கூடாதுன்னு விதி. அவங்க ஒருத்தர்கூட இந்த வருஷம் வரல."

"வரலேன்னா என்ன? தனக்குப் பதிலா யார் வர்றாங்கன்னு அவங்களவிட நல்லா யாருக்குத் தெரியும்?"

அவள் போனை எடுத்தாள். லின்ட்சேயிடம் ஒரு நோட்டையும் பென்சிலையும் தள்ளினாள். காகிதத்தைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

போன வருஷம் ஸ்பாஞ்ச் கேக்குக்கு நடுவராக இருந்த வெர்னாவிடம், இந்த வருஷமும் நீங்கள்தான் வருகிறீர்களாமே, ரொம்ப சந்தோஷம் என்று ஆரம்பித்தாள். வெர்னா பொங்கிவிட்டாள். தன்னை யார் கூப்பிட்டார்கள், அந்த லோயிஸ் க்ரீவ் அல்லவா வருகிறாள், ஸ்பாஞ்சின் நடுவில் விரலை வைத்து அமுக்கிப் பார்க்கிறவளெல்லாம் நடுவரா என்று கேட்டாள். நொயலீன் அடுத்து லோயிஸைக் கூப்பிட்டாள்.

"லோயிஸ், ஸ்கோன் ரொட்டிக்கு நடுவரா வர ஒத்துக்கிட்டீங்களே, நன்றி சொல்லலாம்னுதான். மத்தியானம் ரெண்டு மணிதானே?"

லோயிஸின் குரல் ஜன்னல் வரை கேட்டது. "ஸ்கோனா? நானா? ஸ்பாஞ்ச், ஃப்ரூட் கேக் ரெண்டும் எனக்கு. காலைல ஒன்பதரைக்கு. உங்க செயலாளர் எனக்கு ரெண்டு தடவ எழுதியிருக்காரு."

"அவர் சரியாத்தான் எழுதியிருப்பாரு. குழம்பினது நான்தான், மன்னிச்சுக்குங்க."

லின்ட்சே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"எழுது" என்றாள் அவள். "மனுஷங்கள கேள்வி கேட்டா, எதுக்குக் கேக்கறாங்கன்னு யோசிப்பாங்க. தப்பா ஒண்ணு சொல்லிப் பாரு. திருத்தாம இருக்க முடியாது அவங்களால."

ஆட்டுநாய்ப் போட்டிக்காரரிடம் வெள்ளி மத்தியானம் என்றாள். அந்த வெயிலில் எந்த ஆடு நகரும் என்று கோபித்துக்கொண்டு, சனி காலை ஏழு மணி என்றார் அவர். மரம் வெட்டுகிறவர்களின் தலைவரிடம் பத்து கட்டை தயாராக இருக்கிறது என்றாள். பதினெட்டு என்று அவர் அதட்டினார், அதோடு எந்த மரம், எவ்வளவு பருமன் என்றும் சொன்னார். கோழி நடுவரை வாத்து நடுவர் என்றபோது அந்த மனிதர் ஏறக்குறைய அழுதுவிட்டார். ராட்டினக்காரரோ தான் கேட்ட மின்சார இணைப்பு, தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

அன்றும் மறுநாளும் இதே வேலை. நாற்பத்தொரு பேர். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. செயலாளருடைய மனைவிக்குத்தான் பாவம் ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்று நாலு பேர் பரிதாபப்பட்டார்கள். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். லின்ட்சேக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷமாக இந்தப் பெண்ணுடன் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம், இவள் யாரென்று இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று நினைத்தார். கணினி தொலைத்ததை அவள் ஒரு போனை வைத்துக்கொண்டு, தன் கௌரவத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

வியாழக்கிழமை கமிட்டியில் லின்ட்சே நிகழ்ச்சி நிரலைத் தடங்கலில்லாமல் படித்தார். ஷெரில் வரிக்கு வரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், ஒரு பிழையும் கிடைக்கவில்லை. கடைசியில், இதெல்லாம் பத்திரமாக பேக்கப் ஆகியிருக்கிறதா என்றாள். டீ ஊற்றிக்கொண்டிருந்த நொயலீன் திரும்பாமலே, "ரெண்டு பிரதி இருக்கு, நானே பாத்தேன்" என்றாள். லின்ட்சே எழுதிய நோட்டும், அதிலிருந்து அவள் எடுத்த நகலும் அவளுடைய கைப்பையில் இருந்தன. அடுத்த வருஷத்துக்கும் லின்ட்சேதான் செயலாளர் என்று கமிட்டி தீர்மானித்தது. இந்தத் தடவை ஷெரிலும் கைதட்டினாள்.

திரும்பும் வழியில் லின்ட்சே காரை மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் கோதுமை நின்றது, சாயங்கால வெயில் இதமாக இருந்தது. மனசு நிறைந்திருந்தது.

"நீ இல்லேன்னா நான் தொலைஞ்சிருப்பேன், நொயலீன். உன்னை மாதிரி புத்திசாலிய நான் பார்த்ததே இல்ல."

"நீயும்தான் பாவம், என்ன பாடுபட்ட" என்றாள் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "வாரா வாரம் புதன்கிழமை, அந்த ஷெட்டுக் கதவ சாத்திக்கிட்டு பேக்கப் எடுக்கறதுக்கு மூணு மணி நேரம்."

"மூணு இல்ல, ரெண்டு மணி நேரம்தான்."

"சரி, ரெண்டு. அந்த ஒரு அம்புக்குறிக்கு."

கார் தன்பாட்டுக்கு ஓடியது. லின்ட்சே சாலையை மிகக் கவனமாகப் பார்த்தார்.

"ஷெட்டுல உக்காந்து பீர் குடிச்சிருப்ப" என்றாள்.

"சத்தியமா ஒரு சொட்டு தொடல. பழைய சோபாவுல படுத்துத் தூங்குவேன், அவ்வளவுதான்."

நொயலீன் கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, நாற்பத்தொன்றாவது பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதி அவருக்குத் தெரியும்படி பிடித்தாள்: 'நாற்பத்திரண்டு. லின்ட்சே. புதன்தோறும் இரண்டு முதல் நான்கு வரை, கோழிக்கூடு கழுவுதல்.'