கத்திரி வெயிலில் வண்டிக்கு ஒத்தடம்

எதையும் முறைப்படி செய்கிறவனிடம் ஓர் அபாயம் உண்டு. முட்டாள்தனத்தையும் அவன் முறைப்படிதான் செய்வான். மற்றவர்கள் ஒரு தப்பைத் தொடங்கினால் பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். அடிக்கோடு போட்டு, சரிபார்த்து, முழுதாக முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

யுத்தம் முடிந்த சமயம். ராயபுரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் ரைட்டராக இருந்தேன். (கணக்கு எழுதுகிற ரைட்டர். கதை எழுதுகிறவன் என்று நினைத்து எங்கள் தெருவில் ஒருவர் எனக்குக் கொஞ்ச நாள் மரியாதை கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.) மேஜைமேல் பென்சில்களை உயரவாரியாக அடுக்கி வைத்திருப்பேன். டிரைவர் சவரிமுத்து அண்ணன் போகிற போக்கில் குட்டைப் பென்சிலை நெட்டைப் பென்சில்களுக்கு நடுவே செருகிவிட்டுப் போவார். எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்காது.

அப்போது பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்குத்தான், அதுவும் அளந்துதான் கிடைக்கும். கம்பெனி லாரி ஓடிய நேரத்தைவிடக் காக்காய் உட்கார்ந்த நேரம் அதிகம். அந்தச் சமயம் பார்த்து, துறைமுகத்தில் யாரும் உரிமை கொண்டாடாத சாமான்களோடு ஒரு பேட்டரி வேன் ஏலத்துக்கு வந்தது. ராத்திரி கரண்டில் மாட்டி வைத்தால் பகலில் ஓடும், பெட்ரோலே வேண்டாம். எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் வீடு வீடாகப் பால் போடுவதற்காகச் செய்தது. கூடவே ஒரு கையேடு. முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. நான்தான் தமிழில் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட, பாடிக்காட்டினேன் என்பது பொருந்தும்.

முதலாளி வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உன் பேச்சை நம்பி வாங்கிட்டேன்டா. வண்டி நின்னா நீயும் நின்னுடுவே."

வேனோடு ஒரு பெட்டி சாமான் வந்தது. பனியில் சறுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலி, வாசல் பனியை வாரித் தள்ள ஒரு மண்வாரி, பேட்டரிக்குப் போர்த்த ஒரு கம்பளி. எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். சங்கிலி மறுநாளே முதலாளி வீட்டுப் பசுமாட்டின் கழுத்துக்குப் போயிற்று. மண்வாரியால் மரத்தூள் வாரினார்கள். கம்பளியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ராயபுரத்தில் கம்பளியை யார் கேட்பார்கள்?

வெறும் வண்டியாக இருக்கும்வரை வேன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஐஸ் பாறைகளை ஏற்றினோமோ இல்லையோ, காசிமேடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, முனகி, நின்றுவிட்டது. மாடு கட்டித்தான் திரும்ப இழுத்து வந்தோம். மீன்கூடைக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"பாத்தியாடி, பெட்ரோலு வாணாம்னு வாங்கிட்டு வைக்கோலு போட்டுகினு கீறாங்கோ!" என்றாள் ஒருத்தி.

"இன்னா நைனா, மாட்டுக்கு ராத்திரி எந்த ஒயர்ல மாட்டுவே?" என்றாள் இன்னொருத்தி.

இப்படி ஒருமுறை அல்ல, ஐஸ் ஏற்றும்போதெல்லாம் நடந்தது. அந்த லட்சணத்தில் முதலாளியின் மகள் கல்யாணம் வந்தது. எண்ணூரில் கடலோரம் அவருக்கு ஒரு தோட்ட வீடு. கல்யாணம் அங்கே, மாதமோ கத்திரி வெயில் கொளுத்துகிற மாதம். மாப்பிள்ளையின் தகப்பனார் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுச் சம்பந்தம். வர்றவங்க அத்தனை பேருக்கும் ஐஸ் போட்ட சர்பத் கொடுத்தா போதும்" என்று மட்டும் சொன்னாராம்.

முதலாளி, "ஐஸை மாட்டு வண்டியில் அனுப்பிடு" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "வேனிலேயே போகும் சார்" என்றேன்.

"போகலேன்னா?"

"நானும் போயிடறேன் சார்."

(இருபத்திரண்டு வயதில் வீரம் நாக்கிலேயே தயாராக இருக்கும். வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்து அம்மாவும் இரண்டு தம்பிகளும் இருந்தது, வாசற்படி இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.)

கல்யாணத்தன்று காலை கையேட்டை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதில் குளிர்காலத்துக்கு என்றே தனி அத்தியாயம். குளிரில் பேட்டரியின் பலம் பாதியாகிவிடும். வண்டி பாதி வழியில் நின்றால் திகைக்க வேண்டாம். பேட்டரியைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளவும். மார்கழியில் காதைச் சுற்றித் துண்டு கட்டுவதுதான் எங்கள் ஊர்க் குளிர்காலம் என்பதால் அந்த அத்தியாயத்தை நான் அதுவரை தாண்டிப் போயிருந்தேன். இப்போது மின்னல் அடித்தது. பேட்டரிப் பெட்டி எங்கே இருக்கிறது? ஐஸ் அடுக்குகிற தரைக்கு நேர் கீழே. ஊருக்குத்தான் கத்திரி. எங்கள் வேனுக்கு வருஷம் பூராவும் பனிக்காலம்!

சவரி அண்ணனிடம் ஓடினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஐஸ் ஈரம் இன்னும் காயாத பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஐய! சில்லுனு கீது ரைட்டரே. மெய்யாலுமே ஜன்னி கண்டுகிச்சு. அதான் முனவுது."

"அப்போ என்ன செய்யலாம் அண்ணே?"

"ஜன்னிக்கு இன்னா செய்வாங்கோ? ஒத்தடம்தான்."

கையேட்டில் கதகதப்பு என்று இருந்தது. அவர் ஒத்தடம் என்றார். இரண்டு சாஸ்திரங்களும் ஒரே முடிவுக்கு வந்ததில் எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

கம்பெனி முனையில் முனியம்மா கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாணலி மணலைவிடச் சூடான பொருள் அந்த வட்டாரத்தில் கிடையாது. கோணிப்பைகளோடு போய் நின்றோம்.

"கடலை எவ்ளோ நைனா?" என்றாள்.

"கடலை வேண்டாம். மணல்தான் வேண்டும். சூடாக. வண்டிக்கு ஒத்தடம் கொடுக்கணும்."

முனியம்மா கரண்டியை வைத்துவிட்டாள். "இன்னா, வண்டி பெத்துப் பொழைச்சுக் கீதா? ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே, வாணலி வாணலியாக மணலைக் காய்ச்சிக் கொடுத்தாள். சூட்டு மூட்டைகளைப் பேட்டரியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடுக்கினேன். கம்பளியை நான்கு பக்கமும் இழுத்துச் செருகினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒழுங்கான வேலைகளில் அதுவும் ஒன்று. மேலே மரத்தூள் பரப்பி, வேன் கொள்கிற மட்டும் ஐஸ் பாறைகளை ஏற்றிக் கதவைச் சாத்தினோம்.

புறப்பட்டபோது வேன் வழக்கம்போல முனகியது. தண்டையார்பேட்டை வந்தது. நிற்கவில்லை! அதற்கப்புறம் ஓர் அதிசயம். போகப் போக வேகம் கூடிற்று.

"ஒத்தடம் புடிச்சிகிச்சு ரைட்டரே!" என்று சவரி அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டினார். "இன்னா சோக்கா போவுது பாரு! மெட்ராசு பூராவும் வண்டிங்களுக்கு நாமளே வைத்தியம் பாக்கலாம்."

உள்ளே வறுத்த கடலை வாசனை கமகமத்தது. அவர் மாதா கோயில் ஞானப்பாட்டு ஒன்றைப் பிடித்தார். எனக்குப் பாட்டு வராது. தொடையில் தாளம் போட்டேன். திருவொற்றியூர் தேரடிக்குள் நுழையும்போது வேன் பறந்தது என்றே சொல்லலாம். ஜனங்கள் வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். தெருவே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. குடம், தவலை, குண்டான் என்று கையில் அகப்பட்டதோடு சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையில் பித்தளைச் சொம்பை உயர்த்திக்கொண்டு ஒரு பெண்.

"பெட்ரோல் இல்லாத வண்டியைப் பார்க்க எத்தனை ஆர்வம் பாருங்கள் அண்ணே" என்றேன். சொம்பைப் பார்த்து, ஆரத்தி எடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கவர்னர் மாதிரி மெதுவாக ஆட்டினேன். கூட்டம் ஹோவென்று கத்தியது. இன்னும் ஆட்டினேன்.

எண்ணூர்ப் பந்தல் வாசலில் போய் நின்றோம். மாட்டு வண்டி வந்து சேர்ந்திருக்க முடியாத நேரத்தில் வந்துவிட்டோம். முதலாளி பட்டு வேட்டியோடு வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். "ஜெயிச்சுட்டேடா! திற கதவை" என்றார்.

திறந்தேன்.

முதலில் ஒரு நீராவி வந்தது. அடுத்து, முதலாளியின் பட்டு வேட்டியை முழங்கால்வரை நனைத்துக்கொண்டு ஒரு பிரவாகம் வந்தது. அது வடிந்த பிறகு, வேனின் அடித் தகரத்துப் பள்ளத்தில் ஏதோ இரண்டு குடம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மரத்தூளுக்கு நடுவே, தேங்காய் பருமனில் ஓர் ஐஸ் கட்டி எங்களைப் பார்த்தபடி மிதந்தது.

முதலாளி வேனைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், கம்பளிக்குள் கையை விட்டு "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார்.

"ஒத்தடம் சார்" என்றேன். "குளிரில் பேட்டரிக்குப் பலம் குறையும் என்று கையேட்டில்..."

"ஐஸுக்கு அடியில் அடுப்பு வச்சு எடுத்துக்கிட்டு வந்தியா?"

"ஆனால் போகப் போக வேகம் கூடிற்று சார்!"

"கூடாம? பாரம் பூரா ரோட்டுல ஊத்திக்கிட்டே வந்தா கூடாம என்ன செய்யும்? நீயும் இறங்கியிருந்தா பறந்திருக்கும்."

அந்த நிமிஷம் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். முதலாளி குரலைத் தாழ்த்தி, "வடிகட்டு" என்றார்.

நானும் சவரி அண்ணனும் அந்த இரண்டு குடத்தையும் புது வேட்டியில் திரும்பத் திரும்ப வடிகட்டினோம். சமையற்காரர் மறுபேச்சில்லாமல் சர்க்கரையைக் கொட்டினார். முதல் டம்ளர் சம்பந்திக்குப் போயிற்று. அதில் அந்தத் தேங்காய்க் கட்டியின் ஒரு சில்லு. என் வேலையோடு அம்மா, தம்பிகள், நான் எல்லோரும் அந்த டம்ளருக்குள் மிதந்தோம்.

அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "என்னமோ ஒரு வாசனை..."

மரத்தூளும் வறுத்த கடலையும் ஊறின வாசனை அது. நான் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நன்னாரியா?" என்றார்.

முதலாளி என்னை ஒரு முறை பார்த்தார். "ஆமாம் சம்பந்தி. எங்க கம்பெனி ஸ்பெஷல்."

சம்பந்தி இன்னொரு டம்ளர் கேட்டார். என் வேலை பிழைத்தது. வேன் பிழைக்கவில்லை. கம்பெனிக் கொல்லையில் கோழிகளுக்கு வீடாயிற்று. கோழிகள் அதற்குள் நன்றாகவே கதகதப்பாக இருந்தன.

சில வருஷம் கழித்துத் திருவொற்றியூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெரியவர்கள் எல்லாம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் காபி கொண்டுவந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா! இவர் பின்னாடி நான் ஓடியிருக்கேன்!"

அவளுடைய அப்பாவின் கையிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது.

"ஐயோ, அந்த ஐஸ் வண்டிப்பா! ஊரே சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சே. தண்ணி ஒழுகுது, நிறுத்துங்கன்னு கத்தறோம். இவர் பாட்டுக்குக் கையை ஆட்டிக்கிட்டே போனாரே!"

கல்யாணம் நடந்தது. முனியம்மா ஒரு கூடை கடலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டியும் குழந்தையும் சௌக்கியமா என்று பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி விசாரித்தாள். இன்றைக்கும் குழந்தைகளிடம் நான் பெருமையாகச் சொல்லுவேன்: "உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்பே என் பின்னால் ஓடி வந்தவள்."

சமையலறையிலிருந்து உடனே பதில் வரும். "இவர் பின்னாடி யார் ஓடினா? தண்ணி பின்னாடி ஓடினேன். தண்ணி தீர்ந்துபோச்சு, இவர் மிச்சம்."